நகை லாக்கரில் ஒரு த்ரீ நாட் த்ரீ

டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டு விருந்தினர் அறையின் அலமாரிக்குள் ஆள் உயர இரும்புப் பெட்டகம் ஒன்று நிற்கிறது. திருச்சியிலிருந்து வந்து இறங்கிய என் மாமியார் பெட்டியைக்கூடத் திறக்காமல் முதலில் அதைத்தான் பார்த்தார். இது என்னடா என்று மகனைக் கேட்டார். என் கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நகை லாக்கர் என்று சொல்லிவிட்டார். எந்த ஹோட்டலுக்குப் போகலாம் என்று கேட்டாலே அரைமணி நேரம் யோசிக்கிற மனிதர் இவ்வளவு வேகமாக ஒரு பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உள்ளே இருந்தது ஒரு துப்பாக்கி. அதுவும் என்னுடையது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எந்தப் பாட்லக் விருந்தில் இந்தப் பேச்சு வந்தாலும் அங்கிளெல்லாம் இவர் பக்கம் திரும்பி என்ன மாடல் என்று கேட்பார்கள். இவர் என்னைப் பார்ப்பார். நான் மாடலைச் சொன்னதும், அப்படியா என்று மறுபடியும் இவரிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். பரேடு முடிந்ததும் தருகிற பூரி கிழங்குக்காகத்தான் சேர்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வருடாந்திர முகாமில் ஒருநாள் கையில் த்ரீ நாட் த்ரீயைக் கொடுத்தார்கள். பாங்க் வாசலிலும் ஓட்டுச்சாவடியிலும் போலீஸ்காரர்களின் தோளில் தொங்குமே, அதே கனத்த மரக்கட்டைத் துப்பாக்கி. ஆளுக்குக் கொஞ்சம் தோட்டாதான். முதல் தோட்டாவுக்கே தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருந்தது. ஆனால் குறி அட்டையைக் கொண்டுவந்து பார்த்தபோது என் குண்டுகளெல்லாம் ஓர் இட்லி அகலத்துக்குள் விழுந்திருந்தன. ஹவில்தார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த பெண் தவறுதலாக என் அட்டையில் சுட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு கல்யாணம், வேலைக்குப் போக முடியாத எச்-4 விசாவில் வீட்டில் உட்கார்ந்த காலம், ஒருவழியாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கிரீன் கார்டு. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பதுதான் இன்றுவரை என் பிழைப்பு. அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்க்கிற ஒரு டெக்சஸ்காரர் இருந்தார். மீட்டிங்கில்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் த்ரீ நாட் த்ரீயைப் பற்றி எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் சுட்டிருக்கிறேன் என்றேன். மனிதர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையே துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரச் சொன்னார்.

அங்கே கூடுகிறவர்களுக்குப் புதுத் துப்பாக்கி மேல் ஆசையே கிடையாது. ஏதாவது ஒரு நாட்டு ராணுவம் போதும் என்று கழித்துக்கட்டியதுதான் வேண்டும். சர்ப்ளஸ் என்று செல்லமாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ரஷ்ய மொசின் துப்பாக்கிகளைக் கடைகளில் பீப்பாய்க்குள் துடைப்பக்கட்டை மாதிரி செருகி வைத்து விற்றார்களாம். அன்று வாங்காமல் விட்டவர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள், நம் ஆட்கள் ஓ.எம்.ஆரில் அன்றைக்கே ஒரு மனை வாங்கிப் போடாததைப் புலம்புவது போல. தோட்டா அறையை மூடுகிற போல்ட் மொசினில் இறுகிக்கொண்டால் சுத்தியலால் தட்டித்தான் திறக்க வேண்டும். அதைக்கூட அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்விஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், யாருக்கும் தொடக் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்க காரண்ட் துப்பாக்கியில் கடைசித் தோட்டா போனதும் தோட்டாக்களைப் பிடித்திருந்த கிளிப் டிங்கென்று எகிறி விழும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று ஒருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். எல்லாவற்றுக்கும் அப்பன் ஜெர்மன் மௌசர்தான் என்பது இன்னொரு கட்சி. எந்த ஊர் பிரியாணி உசத்தி என்ற சண்டைக்கு எந்த விதத்திலும் குறையாத சண்டை இது. நான் என்ஃபீல்டு கட்சி. நம் த்ரீ நாட் த்ரீயை அவர்கள் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த டெக்சஸ்காரருடன் ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, கிரீஸ் அப்பிக் கிடந்த என்ஃபீல்டு ஒன்றைக் கையில் எடுத்து விரலால் துடைத்துப் பார்த்தேன். இரும்பில் இஷாப்பூர் என்று பொறித்திருந்தது. வங்காளத்தில் செய்தது. யார் யார் தோளிலோ தொங்கி, வயதாகி, கழிக்கப்பட்டு, கப்பலேறி டெக்சஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எச்-1பி குலுக்கல் இல்லை, ஸ்டாம்பிங்குக்கு லைனில் நிற்கவில்லை. நாங்கள் கிரீன் கார்டுக்குப் பட்ட பாட்டை நினைத்தபோது அதன் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. தொப்பிக்காரரும் அதன் மேல் கண் வைத்திருந்தார் என்பது நான் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பெருந்தன்மையாகச் சிரித்தார், ஆனால் என்றைக்காவது விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

கிரீஸை எடுக்க அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழி உண்டு. கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி வெயிலில் போட்டால் தானாக உருகி வழிந்துவிடும். டெக்சஸ் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா. வீட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஜவ்வரிசி வடகமும் மறுபக்கம் துப்பாக்கியுமாகக் காயவைத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காக்காய்க்குப் பயந்து துப்பாக்கியோடு காவலா என்று இவர் கேட்டார். அந்தத் துப்பாக்கியைப் பற்றி இவர் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கிரீஸ் போனதும் மரமும் இரும்பும் தெரிந்தன. கட்டையின் அடியில், தோளில் பதியும் இடத்தில், ஒரு பித்தளைத் தகடு. அதில் குட்டியாக ஒரு கதவு. உள்ளே எண்ணெய்க் குப்பி வைத்துக்கொள்ள இடம். தகடு முழுக்க எத்தனையோ கைகள் பட்டுப் பட்டுக் கரும்பழுப்பு ஏறியிருந்தது. அதை மட்டும் நான் தொடவில்லை. தொடக் கூடாது என்பது சேகரிப்பவர்களின் முதல் சட்டம். கீறலும் கறையும் அப்படியப்படியே இருக்க வேண்டும். ஆசைப்பட்டுப் பளபளப்பாக்கிவிட்டால் அவர்களுடைய கணக்கில் அது செத்துப் போனதற்குச் சமம்.

என் கணவருக்குத் துப்பாக்கியிடம் பயமில்லை. அம்மாவிடம்தான் பயம். சின்ன வயதில் தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி கேட்டுக் கடை வாசலில் புரண்டு அழுதாராம். அத்தை அசையவில்லையாம். கம்பி மத்தாப்போடு சரி. அம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது என்று இவர் அன்றைக்கு முடிவு செய்தது, தலை நரைத்த பிறகும் மாறவில்லை. அதனால் அத்தை ஆறு மாதம் தங்க வருகிறார் என்றதும் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. அவர் கண்ணில் படாதவரை துப்பாக்கி இருக்கலாம். பட்டால் விற்றுவிட வேண்டும். நானும் சரி என்றேன். பெட்டகத்தின் எண் எனக்கு மட்டும்தானே தெரியும்.

அத்தை திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். காதில் இன்னும் ஹெட்போன் மாட்டியிருப்பது போலத் தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். எங்கள் விருந்தாளிகள் ஆங்கிலத்தில் பேசினால் சிரித்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான். பாவம், புரியவில்லை என்று நாங்கள் பேச்சைப் பாதியில் தமிழுக்கு மாற்றுவோம்.

அந்த நகை லாக்கர் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. நான் ஒற்றைச் சங்கிலியோடு கோவிலுக்குக் கிளம்பினால், இவ்வளவு உசரத்துக்கு லாக்கரை வைத்துக்கொண்டு கழுத்தில் ஏன் நூலைக் கட்டிக்கொண்டு வருகிறாய் என்று கேட்பார். திருச்சியிலிருக்கும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். அந்தச் சித்தி என்னை அழைத்து, எவ்வளவு பவுன் சேர்ந்திருக்கிறது என்று நேரடியாகவே விசாரித்தார். நவராத்திரி வந்தது. வீடு வீடாகக் கொலு பார்க்கப் போனோம். போகிற வீட்டிலெல்லாம் அத்தை என் வெறுங்கழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கடைசியில் ஒருநாள் தன் இரட்டை வடச் சங்கிலியைச் சுருட்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, அதையும் உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு வைக்கிறேன் என்றேன். இப்போதே திற என்று என் பின்னால் வந்து நின்றுகொண்டார். இவர் திடீரென்று தபால் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று வாசலுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் எண்ணைப் போட்டுத் திறந்தேன்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஒரு பவுன்கூட இல்லையா?" என்றார். பிறகுதான் குனிந்து பார்த்தார். "இது த்ரீ நாட் த்ரீதானே? எங்க எக்ஸ்சேஞ்ச் வாசல்ல நிக்கற போலீஸ்காரன் வெச்சிருப்பான். யாருது?"

என்னுடையது என்றேன். ம் என்றார். சங்கிலியைக் கைக்குட்டையோடு உள்ளே வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அந்த 'ம்' என்னென்ன அர்த்தத்தில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலிலிருந்தே காதைக் கொடுத்திருந்த இவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா இவ்வளவு கோபமாக ம் சொல்லி நான் கேட்டதே இல்லை, பேசினபடி விற்றுவிடு என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். கேட்டால்தானே கோபமா இல்லையா என்று தெரியும், போய்க் கேளுங்கள் என்றேன். கேட்க மாட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். ஓர் இரும்புக்கும் மரக்கட்டைக்கும் கண் கலங்குகிறதே என்று வெட்கமாக இருந்தது. சொன்ன வார்த்தையை மாற்றத் தெரியாததால் தொப்பிக்காரருக்கு போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். ஹாலில் மேஜை மேல் துண்டை விரித்து வைத்திருந்தேன். போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறை காலிதான் என்று அவருக்கும் காட்டிவிட்டுத் துப்பாக்கியை நீட்டினேன். அவர் இரண்டு தடவை இழுத்த பிறகுதான் அது என் கையைவிட்டுப் போனது. சின்ன டார்ச்சை அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பித்தளைத் தகட்டுக்கு வந்ததும் குழந்தை முகத்தைப் பார்ப்பது போல நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் யாருமே இதைத் தேய்க்கவில்லை, தன் வரிசையில் இல்லாதது இது ஒன்றுதான், அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதுவரை துணிகூடப் பட வேண்டாம், பித்தளையை யாராவது பளபளப்பாக்கிவிட்டால் மட்டும் தனக்கு வேண்டாம், தப்பாக நினைக்கக் கூடாது என்று தன்மையாகச் சொன்னார். அத்தை காபி டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு, சிரித்துத் தலையாட்டினார். அவர் தொப்பியின் விளிம்பைத் தொட்டு நன்றி சொன்னார்.

அந்த வியாழக்கிழமை ஆயுத பூஜை. இங்கே பண்டிகை வேலைநாளில் வந்தால் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவோம். அத்தையிடம் அது நடக்கவில்லை. விடியற்காலையிலேயே வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பூஜை அறை வாசலில் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு லேப்டாப், மிக்ஸி, இன்ஸ்டன்ட் பாட் குக்கர், இவருடைய டிரில், இலை ஊதுகிற மெஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம் கரைத்து வைத்திருந்தார். பிறகு துப்பாக்கியை எடுத்து வா என்றார். விற்றுப் போன பொருள், வேண்டாம் அத்தை என்றேன்.

"இந்த வீட்டிலயே நிஜமான ஆயுதம் அது ஒண்ணுதான். அதை உள்ள வெச்சுப் பூட்டிட்டு மிக்ஸிக்குப் பொட்டு வைக்கச் சொல்றியா?"

சந்தனம் குங்குமம் மட்டும் அதன் மேல் பட வேண்டாம், மரம் கறை பிடித்துவிடும் என்று கெஞ்சினேன். வைக்கவில்லை, பூ மட்டும் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். போல்ட்டைக் கழற்றிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, துப்பாக்கியைப் பூஜை அறைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அதோடு கடைசியாக ஒரு பூஜை என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

தலையைத் துவட்டியபடி கீழே வரும்போதே புளி வாசனை வந்தது. துண்டின் மேல் குத்துவிளக்கு, மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம் எல்லாம் தேய்த்துக் கழுவி வரிசையாகக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் என் த்ரீ நாட் த்ரீ. அதன் பித்தளைத் தகடு குத்துவிளக்கோடு போட்டிபோட்டு மின்னியது. குட்டிக் கதவையும் விடவில்லை. கதவைத் திறந்து உள்ளேயிருந்த எண்ணெய்க் குப்பியையும் எடுத்துத் தேய்த்து வைத்திருந்தார். மரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விற்கிறோம் என்பது ஒரு வருத்தம் என்றால், யார் யாரோ தோளில் சுமந்து ஏற்றிய நிறத்தை ஓர் எலுமிச்சை அளவுப் புளியில் கரைத்துக் கழுவிவிட்டார்களே என்பது அதைவிடப் பெரிய வருத்தம். என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க என்று என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. பூஜைக்கு வைக்கிற பித்தளையை அழுக்கோடா வைப்பார்கள் என்று அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார். சந்தனம் வைக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்றும் சொன்னார். இவர் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அத்தையோடு பேசவில்லை. சுண்டலை மட்டும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை தொப்பிக்காரர் நீளமான பெட்டி ஒன்றோடு வந்தார். முன்கூட்டியே போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினேன். மனிதர் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவருடைய வழுக்கையைப் பார்த்தேன். துக்க வீட்டுக்கு வந்தவர் போல அதை மார்போடு பிடித்துக்கொண்டார். எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்று மெதுவாகக் கேட்டார். புளி என்றேன். என்னவென்று அவருக்குப் புரியவில்லை; ரசம் வைப்போமே, அதில் போடுவது என்றேன். என் மாமியார் எங்கள் சாமிக்கு வைப்பதற்காகத் தேய்த்தார் என்றும் சொன்னேன். சாமிக்கா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார், நல்ல மனிதர். சேகரிப்பவர்கள் யாரும் இனி இதைத் தொட மாட்டார்கள், இனி இது சுடுவதற்குத்தான் ஆகும், நீங்களே வைத்துச் சுடுங்கள் என்றார். அத்தை கொடுத்த சுண்டல் பொட்டலத்தைக் காலிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

கார் கிளம்பியதும் இவர் ஆரம்பித்தார். வேறு எங்கேயாவது விளம்பரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அத்தை சோபாவில் தலையைச் சாய்த்தபடியே, எதற்குடா விற்க வேண்டும் என்று கேட்டார். உனக்குத்தான் துப்பாக்கி என்றாலே ஆகாதே என்றார் இவர். யார் சொன்னது என்றார் அத்தை. இவர் பொட்டு வெடித் துப்பாக்கிக் கதையை, கடை வாசலில் புரண்டது முதல் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உனக்குக் குறி பார்க்க வராதுடா," என்றார் அத்தை. "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கண்ணைப் பொசுக்கிடுவியோன்னு வாங்கித் தரல. அவ்வளவுதான்."

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாழ்நாள் முழுக்க வைத்திருந்த பயம் கையைவிட்டுப் போனால் யாருக்குமே கொஞ்ச நேரம் ஆகும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அத்தையும் பின்னாலேயே வந்து காபி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். மூன்று நாள் பேசாமலிருந்த வெட்கத்தோடு பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"அத்தை, ஞாயித்துக்கிழமை அவர் பித்தளையைத் தேய்க்கக் கூடாதுன்னு சொன்னாரே, உங்களுக்குப் புரியலையா?"

"எக்ஸ்சேஞ்ச்ல ட்ரங்க் கால் பேசினவங்க எல்லாரும் தமிழ்லயா பேசினாங்க?" என்றார், குழாயை மூடாமலேயே. "அவர் தெளிவாத்தான் சொன்னார். நீயும் தெளிவாத்தான் சொன்ன."

"நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தை."

"உன் கையிலேருந்து அதை வாங்க அவர் ரெண்டு தடவை இழுக்க வேண்டியிருந்துச்சே," என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தார்.